பதினாறாவது சாம்பிள்

புதன்கிழமை காலை ஆறரை மணிக்குப் பூவிழி தொட்டியின் மூடியைத் திறந்தாள். பால் பாலாகவே இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் உறை ஊற்றிய இருநூறு லிட்டர் பால், பன்னிரண்டு மணி நேரம் கழிந்தும் கரண்டியிலிருந்து தண்ணீராக ஒழுகியது.

வீட்டில் தயிர் தோயவில்லை என்றால் கடையில் ஒரு பாக்கெட் வாங்கி அன்றைய பொழுதை ஓட்டிவிடலாம். இது அந்தத் தயிர் இல்லை. ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் ஒவ்வொன்றாகக் கையை விரித்து, கடைசி ஊசியும் பலிக்காமல் போன பிறகு, குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகளைக் காப்பாற்ற ஆஸ்பத்திரிகளிடம் மிச்சம் இருந்தது இந்தக் காப்புத் தயிர் ஒன்றுதான். தினம் கொஞ்சம் நாக்கில் தடவினால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் பிள்ளையின் குடலில் குடியேறிக்கொண்டு வேறு கிருமி எதையும் அண்டவிடாது. சேலத்தைச் சுற்றியுள்ள பதினோரு ஆஸ்பத்திரிகளுக்கும் ஓமலூர்-தாரமங்கலம் சாலையில் இருந்த இந்த ஒரே நிலையத்திலிருந்துதான் தயிர் போயிற்று. ஒரு தொட்டி போட்டால் குளிர் அறையில் வைத்து ஒன்றரை மாதத்துக்கு ஓட்டலாம். பழைய தொட்டியில் இன்னும் நாலு நாளைக்குத்தான் இருந்தது.

பூவிழி உறை அறையின் பொறுப்பாளர். பதினொரு வருஷ சர்வீஸ். சந்தேகம் அவளுக்குக் கூடப் பிறந்தது. பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்பாள். சிரிக்காவிட்டால் நிறையக் கலந்திருக்கிறார் என்பாள். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, நாலாவது முறை இழுக்காமல் வந்துவிட்டோமே என்று பாதி வழியில் திரும்பி வருவாள். இந்த வேலைக்கு அந்தக் குணம் தோதாகத்தான் இருந்தது.

ஒரு சொட்டுப் பாலை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். நுண்ணுயிர்ச் செல்கள் வெடித்துச் சிதறிக் கிடந்தன. வைரஸ். அதுவும் வெளியிலிருந்து வந்த வைரஸ்.

உறை அறைக்குள் போகப் பதினாறு பேருக்குத்தான் அனுமதி. வேலையில் சேரும்போதே அந்தப் பதினாறு பேரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வேலையில் இருக்கும் வரை வீட்டுத் தயிர், மோர், பழைய சோறு எதையும் வாயில் வைக்கக் கூடாது. ஒவ்வொரு வீட்டு மோர்ப்பானையிலும் அந்தப் பானைக்கென்று வைரஸ் உண்டு. அந்த வீட்டுத் தயிருக்கு அது பழகியிருக்கும். நிலையத்துத் தயிருக்குப் பழகியிருக்காது. குடித்தவர் குடலில் அது தங்கிப் பெருகி, கையிலும் மூச்சிலும் வெளியே வரும். கையுறை, முகமூடி எல்லாம் போட்டாலும் நூற்றுக்கு நூறு தடுக்க முடியாது. எந்திரக் கை வாங்கினார்கள். எந்திரக் கையைக் கழுவுவது யார் என்ற கேள்வி வந்ததும் அதை மூலையில் சாத்திவிட்டார்கள். அதனால் புதிதாகச் சேருகிறவர்களை நாற்பது நாள் வாயைக் கட்டிப்போட்டு, குடலைச் சுத்தம் செய்த பிறகே உள்ளே விடுவது வழக்கம்.

எட்டு மணிக்கு மேலாளர் அர்த்தநாரி வந்து சேர்ந்தார். சிமென்ட் கம்பெனியில் இருந்து வந்த மனிதர். தயிரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் வெள்ளையாக இருக்கும் என்பதுதான். தொட்டிப் பொறுப்பில் இருந்த மாதையனும் கூடவே வந்தார்.

“யாரோ வேணும்னு பண்ணுன வேலைங்க மேடம் இது” என்றார் மாதையன்.

“யாருன்னு நினைக்கிறீங்க?”

“என் வாயால எதுக்குங்க சொல்லணும்? அந்த கான்ட்ராக்ட் பொம்பளை, துளசிமணி, அவளைக் கேட்டுப் பாருங்க. நாலு வருஷமாப் பெருக்கித் தொடைக்கிறா. வேலையை நிரந்தரம் பண்ணலைன்னு மனசுல வஞ்சம். எங்ககூட உக்காந்து ஒரு வாய் சாப்புட்டதில்லை. ஒரு விசேஷத்துக்கு வந்தாலும் எட்டத்தான் நிப்பா. சரியான அழுத்தக்காரி.”

கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் துளசிமணி தரையைத் துடைத்துவிட்டு, தொட்டிக்கு அருகில் போய், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு நிமிஷம் நின்றாள். அந்த இரண்டு நிமிஷத்தைப் பூவிழி ஆறு முறை பார்த்தாள். ஆறாவது முறை அந்த முதுகே ஒரு குற்றவாளியின் முதுகாகத் தெரிந்தது.

“போலீஸுக்கு எழுதிக் குடுத்துடலாமா?” என்று அர்த்தநாரி கேட்டார்.

“எழுதுங்க சார். நான் கையெழுத்துப் போடறேன்.”

உயிர்மருந்துப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜாமீன் கிடையாது. நிரூபணமானால் பத்து வருஷம். மத்தியானம் இரண்டு மணிக்குத் துளசிமணியை ஜீப்பில் ஏற்றினார்கள். முப்பது வயசு இருக்கும். அழவும் இல்லை, கத்தவும் இல்லை. “நான் என்ன பண்ணினேன் மேடம்?” என்று மட்டும் கேட்டாள். அழாதவர்களைப் பூவிழி நம்புவதில்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. விவரம் தெரியாமல் எதிலும் கையெழுத்து வைக்காத ஆள். நிலையத்துக்கு வந்து பூவிழியின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எனக்கு ஒண்ணு புரியலை மேடம். பதினாறு பேரோட மலத்தைக் கேட்டிருக்கீங்க. அதை வச்சு எப்படி ஆளைப் பிடிப்பீங்க?”

“குடல்ல இருக்கிற நுண்ணுயிர் சொல்லிடும்.”

“அது என்னத்தைச் சொல்லும்?”

“ஒரு செல்லுக்குள்ள வைரஸ் புகுந்தா பெரும்பாலும் செல் செத்துப்போகும். கோடியில ஒண்ணு தப்பிக்கும். தப்பிச்சது சும்மா இருக்காது. உள்ள வந்தவன் உடம்புல ஒரு துண்டை வெட்டி, தன்னோட மரபணுவுக்குள்ளயே ஒட்டி வச்சுக்கும்.”

“எங்க ஸ்டேஷன்ல கேடிங்க போட்டோ ஒட்டி வைக்கிறோமே, அதாட்டமா?”

“அதேதாங்க. அடுத்த தடவை அவன் வாசல்ல காலை வச்சா, போட்டோவோட ஒத்துப் பார்த்து வெட்டிப் போட்டுடும். இன்னொண்ணு இருக்கு. அரை மணிக்கு ஒரு தடவை அந்த செல் ரெண்டாப் பிரியும். பிறக்கிறது ரெண்டுக்கும் அந்த போட்டோ போகும். அதுங்க பிள்ளைக்கும் போகும். பட்டது ஒண்ணு, பாடம் படிச்சது வம்சம் பூரா.”

இன்ஸ்பெக்டர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “மனுஷனுக்கு அந்த புத்தி இல்லையே! சரி, எந்த போட்டோ முதல்ல வந்ததுன்னு தெரியுமா?”

“வரிசையா இருக்கும். புதுசு எப்பவும் முன்னாடி. எத்தனை நாளைக்கு முந்தி ஒட்டினதுன்னுகூட எங்க மெஷின் கிட்டத்தட்டச் சொல்லிடும். தொட்டியில இருந்த வைரஸ் எங்ககிட்ட இருக்கு. அதோட போட்டோ யார் குடல்ல இருக்கோ, அவங்கதான் வெளிய எதையோ சாப்பிட்டுக் கொண்டு வந்தவங்க.”

“அப்ப துளசிமணியோட சாம்பிள் வந்தாப் போதுமே. மத்த பதினஞ்சு எதுக்கு?”

“ஒழுங்கு முறைன்னு ஒண்ணு இருக்குல்லங்க? என்னோடதையும் சேர்த்துத்தான் குடுத்திருக்கேன்” என்றாள் பூவிழி, கொஞ்சம் பெருமையாகவே.

முன்னெல்லாம் கைரேகை எடுப்பார்கள், இப்போது காலைக்கடனையே எடுக்கிறார்கள் என்று நிலையம் முழுக்க ஒரே சிரிப்பு. சிரித்துக்கொண்டே பதினைந்து டப்பாக்கள் வந்தன. பதினாறாவது டப்பாவை ஸ்டேஷனிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கொண்டுவந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு முடிவுகள் திரையில் வரத் தொடங்கின. முதலில் மாதையன். தொட்டி வைரஸின் போட்டோ அவர் குடலில் இருந்தது, முன்வரிசையில், புத்தம் புதிதாக. பூவிழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘அட பாவி மனுஷா, பழியை அவள் மேல் போட்டது இதற்குத்தானா!’ இரண்டாவது சாம்பிளிலும் அது இருந்தது. அப்படியானால் இரண்டு பேரும் கூட்டு. மூன்றாவதிலும் இருந்தது. நாலு, ஐந்து, ஆறு. ஒன்பதாவதிலும் இருந்தது. பதினான்காவது அவளுடையது. அதிலும் இருந்தது.

பதினொரு வருஷமாக வீட்டு மோரை முகர்ந்துகூடப் பார்க்காதவள். அவள் மெஷினைச் சந்தேகப்பட்டாள். நிறுத்தி, துடைத்து, மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதே.

பதினாறாவது சாம்பிளில் இல்லை. துளசிமணியின் குடலில் அந்த போட்டோவும் இல்லை, அந்த வைரஸும் இல்லை. நாலு வருஷமாக நிலையத்துத் தயிரைத் தவிர வேறு எந்தத் தயிரின் சுவடும் இல்லை. மூன்று முறை ஓட்டிப் பார்த்தும் அவள் குடல் பளிச்சென்று இருந்தது.

நாள் கணக்கைப் பார்த்தாள். பதினைந்து பேருக்கும் ஒரே நாள். பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால். ஆடி மாதத்து மூன்றாம் ஞாயிறு வாக்கில் வந்தது. அவள் மாதையனைக் கூப்பிட்டாள்.

“அந்த ஞாயித்துக்கிழமை நாம எல்லாரும் சேர்ந்து என்ன சாப்பிட்டோம்?”

“ஒண்ணும் சாப்பிடலைங்களே மேடம். அன்னிக்கு லீவுங்க.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“சாப்பாடுன்னு ஒண்ணும் இல்லைங்க. கேட்டுக்குப் பக்கத்துல மாரியாயி கோயில்ல கூழ் ஊத்துனாங்க. நீங்களும்தான் வந்தீங்க. முதல் சொம்பு உங்களுக்குத்தான் குடுத்தோம்.”

“கூழ்ல என்ன இருந்தது?”

“கேவுரு மாவு, வெங்காயம், மோர். வீட்டுக்கு ஒரு சொம்பு மோர் வாங்குனோம், ஊருல நாப்பது வீட்டுல.” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். “ஆனா அது பிரசாதமாச்சுங்களே மேடம். அது எப்படிச் சாப்பாட்டுல சேரும்?”

பூவிழிக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. நாற்பது வீட்டு மோர்ப்பானையை ஒரே சொம்பில் வாயில் கவிழ்த்தாள். இரண்டாவது சொம்பும் கேட்டு வாங்கிக் குடித்தாள். மறுநாள் காலையில் உறை அறை வாசலில் நின்று மற்றவர்களிடம் ‘வீட்டு மோர் குடிக்கலையே?’ என்று வழக்கம்போல் கேட்டாள். எல்லாரும் ‘இல்லைங்க மேடம்’ என்றார்கள். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. அவர்கள் மனசில் அது மோரே இல்லை.

“துளசி குடிக்கலையா?”

“அவளா? நாங்க எவ்வளவோ சொன்னோம். ‘கையெழுத்துப் போட்டிருக்கேங்க, மோர் இருக்கு, வேண்டாம்’னுட்டா. ஆத்தா கூழையே வேண்டாம்னவ எந்த பாவத்துக்கும் துணிஞ்சவன்னு அன்னிக்கே எங்களுக்குள்ள பேச்சு.”

பூவிழி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தாளை எழுதியவளே அவள்தான். அதை நம்பிக் கடைப்பிடித்த ஒருத்தியைத்தான் ஜீப்பில் ஏற்றியிருந்தாள். வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. முகத்தைக் கழுவிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள்.

அர்த்தநாரி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

“அப்ப முடிஞ்சது கேஸ். அவதான்.”

“சார், நான் என்ன சொல்றேன், நீங்க என்ன சொல்றீங்க? பதினஞ்சு பேருக்கும் இருக்கு, அவளுக்கு மட்டும்தான் இல்லை.”

“அதைத்தான் நானும் சொல்றேன். எல்லாரும் குடிச்ச கூழை அவ மட்டும் ஏன் குடிக்கலை? அதுல என்ன இருக்குன்னு அவளுக்கு முன்னாடியே தெரியும். விஷத்தைக் கலந்தவ அந்த விஷத்தைக் குடிப்பாளா?”

அந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று பூவிழி தேடினாள். கிடைக்கவில்லை. இரண்டு நாளைக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவளே இதைச் சொல்லியிருப்பாள். இருந்தால் குற்றம், இல்லாவிட்டால் அதைவிடப் பெரிய குற்றம். இந்த வலையிலிருந்து ஒரு மனுஷி எப்படித்தான் வெளியே வருவது?

“சார், செவ்வாய்க்கிழமை உறை ஊத்தினது நான். கேமராவுல என் கைதான் இருக்கு. வைரஸும் எனக்கு இருக்கு. அப்ப என் பேரை எழுதுங்க.”

“நீங்க பதினோரு வருஷ ஆள். உங்க பேரை எழுதினா என் நாற்காலியும் போகும். ஆடிக் கூழ்னு எழுதினா நாளைக்கு ஊரே திரண்டு வந்து கேட்டை உடைக்கும். ஏற்கெனவே உள்ள இருக்கிறவ உள்ளயே இருக்கட்டும். நிரபராதின்னா கோர்ட்டுல சொல்லிக்கட்டும்.”

நியாயம் பேசி இந்த மனிதரிடம் வேலைக்காகாது என்று பூவிழிக்குப் புரிந்தது. சிமென்ட் ஆளுக்குச் சிமென்ட் பாஷையில்தான் சொல்ல வேண்டும்.

“சரி சார். அவ உள்ளயே இருக்கட்டும். பெரிய குளிர்பெட்டியில தாய் உறை பத்திரமா இருக்கு. அதை யார் ஊத்தறது?”

“நீங்கதான்.”

“எனக்கு வைரஸ் இருக்கு. மறுபடியும் பால் பாலாவே கிடக்கும். மாதையன் ஊத்தினாலும் அதேதான். பதினஞ்சு பேரும் அப்படித்தான். புது ஆளை எடுத்தா நாப்பது நாள் ஆகும். செத்துப்போன தொட்டியில தப்பிச்ச செல் கொஞ்சம் இருக்கு, புது போட்டோவோட. அதை வளர்த்து, சோதிச்சு, ஆஸ்பத்திரிக்குக் குடுக்க ஆறு மாசம் ஆகும். நம்ம கையிருப்பு நாளைக்கு ராத்திரியோட தீருது. அதுக்கப்புறம் அந்தப் பிள்ளைங்க நாக்குல எதைத் தடவுவாங்க? இந்த ஊர்ல இன்னிக்குச் சுத்தமா இருக்கிற கை ஒண்ணே ஒண்ணுதான். அதை நீங்க லாக்கப்புல வச்சிருக்கீங்க.”

அர்த்தநாரி போனை எடுத்தார். புகாரை வாபஸ் வாங்குகிற கடிதம் பதினைந்து நிமிஷத்தில் தயாரானது. அதிலும் கீழே பூவிழிதான் கையெழுத்துப் போட்டாள். இன்ஸ்பெக்டர் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “மூணு நாள்ல ரெண்டு கையெழுத்து! நல்லாத்தான் இருக்கு மேடம்” என்றார்.

துளசிமணியைப் பூவிழியே காரில் அழைத்துவந்தாள். வழி நெடுகத் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததையெல்லாம் சொன்னாள், உறை ஊற்றும் முறையைச் சொல்லிக் கொடுத்தாள், மன்னிப்பும் கேட்டாள். துளசிமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு மட்டும் கேக்கணும் துளசி. தொட்டிகிட்ட ரெண்டு நிமிஷம் நின்னியே, எதுக்கு?”

“விளிம்புல கறை இருந்துச்சுங்க. மாதையண்ணன் சரியாத் தொடைக்கலை. சொன்னா அவருக்குத் திட்டு விழும்னு நானே தொடைச்சேன்.” பிறகு திரும்பிக் கேட்டாள்: “இன்னமும் சந்தேகம் இருக்குங்களா மேடம்?”

உறை அறை வாசலில் அர்த்தநாரி நின்றிருந்தார். நல்வரவு சொல்லப் பார்த்தார். துளசிமணி அவரைத் தாண்டி, கதவுக்கு மேலே இருந்து கண்ணாடி வழியே தொட்டியை நோக்கியிருந்த கேமராவைப் பார்த்தாள்.

“அதை நிறுத்துங்க. நிறுத்தினாத்தான் உறை ஊத்துவேன்.”

“அது எப்படிம்மா? சட்டப்படி...” அர்த்தநாரி பூவிழியின் காதருகே குனிந்தார். “பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன்ல?”

“நாலு வருஷமா அது என்னைப் பார்த்துச்சுங்க” என்றாள் துளசிமணி. குரல் உயரவில்லை. “ஒரு நாள் விடாம வேலை செஞ்சதையும் பார்த்துச்சு. அதை வச்சு என்ன பண்ணுனீங்க? ரெண்டு நிமிஷம் முதுகைக் காட்டுனேன்னு உள்ள தள்ளுனீங்க. என் கை வேணும்னா என்னை நம்பித்தான் ஆகணும். முடியாதுன்னா சொல்லுங்க, மறுபடி ஸ்டேஷனுக்கே போறேன்.”

பூவிழி ஏணியில் ஏறிக் கேமராவின் ஒயரைப் பிடுங்கினாள். கண்ணாடி ஜன்னலின் திரையையும் இழுத்து மூடினாள். துளசிமணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொதிநீரில் கழுவின புதுத் தொட்டியில் உறை ஊற்றி, அது தோய எட்டு மணி நேரம். காலையில் பதினொன்றரைக்கு மூடிய கதவு சாயங்காலம் ஏழரை வரை திறக்கவில்லை. பூவிழி வராந்தாவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். முதல் ஒரு மணி நேரம் தன்னைத் திட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு, வேண்டாம் வேண்டாம் என்றாலும், அந்தப் பழைய புத்தி மெல்ல எட்டிப் பார்த்தது. இரண்டு ராத்திரி லாக்கப்பில் கிடந்தவளுக்குக் கோபம் இருக்காதா? தாய் உறை மொத்தமும் அவள் கையில். ஒரு எச்சில் போதும். கேமராவை எதற்கு நிறுத்தச் சொன்னாள்? நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? நானாக இருந்தால் செய்திருப்பேன் என்று தோன்றியபோதுதான் பூவிழிக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் காதை மட்டும் கதவில் வைத்தபடியேதான் இருந்தாள்.

ஏழரைக்குக் கதவு திறந்தது. துளசிமணி சிறிய கிண்ணத்தில் சாம்பிளை நீட்டினாள். கரண்டியால் வெட்டினால் கத்திபோட்ட மாதிரி நின்றது தயிர். பூவிழி அதை மைக்ராஸ்கோப்புக்குக் கொண்டுபோனாள். எல்லாச் செல்களும் உயிரோடு, ஒவ்வொன்றும் இரண்டாக, இரண்டு நாலாக. ஓர் இடத்தில்கூடச் சேதம் இல்லை. அவள் இரண்டாம் முறை பார்க்கவில்லை. அவள் சர்வீஸில் அது முதல் தடவை.

வெளியே வந்தபோது அர்த்தநாரி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். “நாளையிலிருந்து நீ நிரந்தரம்மா. ஆர்டர் காலையில கைக்கு வந்துடும்.”

துளசிமணி வெள்ளைக் கோட்டைக் கழற்றி, மடித்து, அடையாள அட்டையை அதன் மேல் வைத்தாள்.

“எனக்கு இனிமே இங்க வேலை வேண்டாங்க.”

“துளசி!” பூவிழி அவள் கையைப் பிடிக்கப் போனாள், தன் வைரஸ் கையால் பிடிக்கக் கூடாது என்ற நினைப்பு வந்து, பாதியில் நின்றாள். “நாப்பது நாளைக்கு உன்னை விட்டா எங்களுக்கு ஆளில்லையே.”

“தெரியுமுங்க மேடம். அதான் தொட்டி நிறையவே போட்டிருக்கேன். ஒண்ணரை மாசத்துக்குக் காணும். பிள்ளைங்களுக்கு ஒரு குறையும் வராது. அதுக்குள்ள நீங்கள்லாம் வாயைக் கட்டி நாப்பது நாள் இருந்தீங்கன்னா சுத்தமாயிருவீங்க.” அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். “பிரசாதம்னாலும் வேண்டாங்க.”

“நீ எங்க போவ?”

“வீட்டுக்குத்தான். எங்கம்மா மோர் கடைஞ்சு வச்சிருக்கும்.” அந்த மூன்று நாளில் முதல் தடவையாக அவள் கண் கலங்கியது. “நாலு வருஷமாச்சுங்க, நான் ஒரு டம்ளர் மோர் குடிச்சு.”

தாரமங்கலம் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.